அட்டையின் பின்பக்கம்

போன வாரம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருச்சுழி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் இளம் தாய். மடியில் நாலு வயதுப் பையன். அவன் கையில் பிஸ்கட் பாக்கெட்.

"இவன் இன்னும் பள்ளிக்கூடமே போகலக்கா. ஆனா வாசிப்பான். டேய், பெரியம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு" என்றாள்.

பையன் பாக்கெட்டின் மேல் விரலை வைத்து அந்த பிஸ்கட்டின் பெயரைக் கணீரென்று சொன்னான். தாயின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. ஒழுங்கான மனுஷி என்ன செய்திருப்பாள்? "அடடே, கெட்டிக்காரன்" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பாள்.

நான் என்ன செய்தேன்? பாக்கெட்டை வாங்கினேன். படம் இருந்த பக்கத்தைக் கையால் மூடினேன். பின்பக்கத்தில் அதே பெயர் பொடியாக அச்சடித்திருந்த இடத்தைக் காட்டி, "இதை வாசி கண்ணு" என்றேன்.

பையன் என்னைப் பார்த்தான். பாக்கெட்டைப் பார்த்தான். பிஸ்கட்டைப் பிடுங்குவதற்குத்தான் இத்தனை ஏற்பாடு என்று முடிவு கட்டிவிட்டான் போலிருக்கிறது – ஓவென்று அழ ஆரம்பித்தான். தாய் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, பையனைத் தூக்கிக்கொண்டு, தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு ஏன் இந்தக் கெட்ட பழக்கம்? எல்லாம் ஒரு பரீட்சையால் வந்தது. அந்தக் கதையை இந்தப் பக்கத்தில் நான் இதுவரை சொன்னதில்லை.

எண்பதுகளின் கடைசி. நான் ஆசிரியர் பயிற்சி முடிக்கும் கட்டத்தில் இருந்தேன். எழுத்துத் தேர்வுகள் எல்லாம் பாஸ். செயல்முறைத் தேர்வுதான் பாக்கி. அதாவது, நிஜமான ஒரு பள்ளிக்கூடத்தில், நிஜமான ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டு அதிகாரிகள் வகுப்பின் பின்னால் நாற்காலி போட்டு அதைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் – கமிஷன்.

முதல் தடவை கோட்டை விட்டேன். பதற்றத்தில் பட அட்டையைத் தலைகீழாகக் காட்டிவிட்டேன். பிள்ளைகள் எல்லோரும் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தும், நான் வரைந்திருந்த காக்காயைக் கோழி என்றார்கள். கற்பிக்கும் உபகரணம் சரியில்லை என்று கமிஷன் சொல்லிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் பத்தாவது தாண்டியதில்லை. அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. "இந்தத் தடவையும் போச்சுன்னா விட்ரு. எங்கூடப் பருத்தி எடுக்க வந்துரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள் அம்மா. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதோடு விட்டாளா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணவும் ஏற்பாடு செய்துவிட்டாள். இனி தோற்றால் சபை முழுக்கத் தெரிந்துவிடும்!

உபகரணம்தானே குறை? என் அக்கா வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் கடைகளுக்கு போர்டு எழுதுகிறவர். "அத்தான், நீங்கதான் காப்பாத்தணும்" என்று போய் நின்றேன். மனிதர் உயிரைக் கொடுத்து வரைந்தார். மாம்பழம் – சாறு கையில் ஒட்டும் போல இருந்தது. மரம், குடம், படகு... எங்கள் கரிசல் பிள்ளைகள் படகை எந்தக் கண்மாயில் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு குறை. படத்தின் அழகு கெட்டுவிடக் கூடாது என்று, கீழே வார்த்தையை மட்டும் சின்னதாக எழுதிவிட்டார். எனக்கு அது குறையாகவே தோன்றவில்லை.

மறுபடி தலைகீழாகக் காட்டிவிடுவேனோ என்ற பயம் மட்டும் இருந்தது. அதனால் ஒவ்வோர் அட்டையின் பின்பக்கத்திலும் அந்த வார்த்தையைக் கறுப்பு மையில் பெரிதாக எழுதிக்கொண்டேன். எழுத்து என் கண்ணுக்கு நேராக இருந்தால் படமும் பிள்ளைகளுக்கு நேராக இருக்கும். எப்படி என் மூளை?

எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம் எனக்கு ஒதுக்கப்பட்டது. கமிஷன் வருவதற்கு முன் வகுப்பைப் பழக்கி வைப்பது அப்போது எல்லோரும் செய்கிற காரியம். நானும் பழக்கினேன். தினமும் அதே அட்டைகள், அதே வரிசை. மாம்பழத்தைக் காட்டினால் "மாம்பழம்" என்று கூரை அதிரும். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

காளீஸ்வரி என்ற ஒரு பெண் மட்டும் கத்த மாட்டாள். அவள் தினமும் கைக்குழந்தைத் தம்பியோடுதான் பள்ளிக்கூடம் வருவாள். அம்மா காட்டு வேலைக்குப் போனால் வேறு யார் பார்ப்பார்கள்? அவன் அழுதாலோ, வேறு ஏதாவது செய்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓட வசதியாக, கரும்பலகையை ஒட்டிய கதவோரம்தான் அவள் இடம். நான் பாடம் நடத்தும்போது அவள் எனக்குப் பின்னால் இருப்பாள். உதடு மட்டும் லேசாக அசையும்.

"கமிஷன் வார அன்னிக்கு நீ தம்பிய வச்சுக்கிட்டு வீட்லயே இரு தாயி" என்று பெரிய டீச்சர் அவளிடம் சொல்லியிருந்தார். சரி என்று தலையாட்டினாள். ஆனால் அன்றைக்குச் சத்துணவில் முட்டை போடுகிற நாள். கமிஷனாவது ஒன்றாவது... தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, கதவோரம் உட்கார்ந்துவிட்டாள்.

கமிஷன் வந்தது. ஓர் அம்மையார், ஒரு கண்ணாடி போட்ட ஐயா. நான் அட்டைகளைக் காட்டினேன். கூரை அதிர்ந்தது. ஐயா தலையை ஆட்டிக்கொண்டே மார்க் எழுத ஆரம்பித்துவிட்டார். பாஸ்தான் என்று நான் மூச்சு விட்டபோது அம்மையார் எழுந்து வந்தார்.

என் கையிலிருந்து அட்டைகளை வாங்கினார். கலைத்துப் போட்டார். படம் தரையைப் பார்க்க, பின்பக்கம் மேலே தெரியும்படி பிள்ளைகள் முன்னால் பரப்பினார்.

"எங்க, இதை வாசிங்க பாப்போம்."

முன்வரிசையில் இருந்த ஒருவன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "படம் இல்லியே" என்றான். இன்னொருத்தி தைரியமாக "மாம்பழம்" என்றாள். எப்போதும் மாம்பழம்தானே முதலில் வரும்! அவள் விரல் இருந்த அட்டையில் குடம் என்று எழுதியிருந்தது.

எனக்குப் பருத்திக்காடு கண்ணுக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் இவர்கள் வாசிக்கவே இல்லையா? அத்தானின் ஓவியத்துக்குப் பெயர் சொல்லிக்கொண்டா இருந்தார்கள்?

அப்போதுதான் காளீஸ்வரி எழுந்து வந்தாள். கூட்டம் கூடினால் எட்டிப் பார்ப்பது மனித சுபாவம்தானே? பிள்ளைகளின் தலைக்கு மேலாகக் குனிந்து, "அது குடம்" என்றாள். அடுத்ததைக் காட்டி, "படகு." அதற்கடுத்தது, "மரம்." அவள் வாயைத் திறந்து நான் கேட்டதே இல்லாத குரல்.

அம்மையார் அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். தம்பி வீறிட்டான். நான் ஓடிப்போய் அவனை வாங்கிக்கொண்டு, வேறு இடம் தெரியாமல் கதவோரம் அவளுடைய இடத்திலேயே உட்கார்ந்தேன். அம்மையார் சாக்பீஸை எடுத்து, என் அட்டைகளில் இல்லாத ஒரு வார்த்தையை எழுதினார். முன்வரிசைப் பையன் இல்லையென்று தேடியதையே வார்த்தையாக எழுதினார்.

காளீஸ்வரி வெகுநேரம் பார்த்தாள். "ப..." என்றாள். "ட..." என்றாள். அப்புறம் அவள் முகத்தில் ஏதோ ஒன்று நடந்தது. "படம்."

நான் ஒருத்தியையாவது வாசிக்க வைத்திருக்கிறேன் என்று அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. எப்படி வைத்தேன் என்பதுதான் தெரியவில்லை.

"இவளுக்குத் தனியாச் சொல்லிக்குடுத்தீங்களா?" என்று கேட்டார் அம்மையார்.

ஆமாம் என்றால் வேலை முடிந்தது. ஆனால் எனக்கே பதில் தெரிய வேண்டுமென்று அவ்வளவு ஆசையாக இருந்தது. "இல்ல மேடம். எப்படி வாசிச்சான்னு எனக்கும் தெரியல" என்றேன். ஐயாவின் பேனா நின்றது.

அம்மையாருக்கும் அதே ஆவல் போல. அட்டைகளைப் பொறுக்கி எடுத்து, நான் நின்ற இடத்தில் நின்று, நான் காட்டிய மாதிரியே ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். "மாம்பழம்" என்று கூரை அதிர்ந்தது. மடியில் குழந்தையோடு கதவோரம் உட்கார்ந்திருந்த எனக்கு மாம்பழம் தெரியவில்லை. என்னுடைய கறுப்பு எழுத்துதான் தெரிந்தது.

"மேடம், இங்கிருந்து பாத்தா படமே தெரியாது" என்றேன். பரீட்சை என்பதே மறந்து போயிருந்தது. "இவ தினமும் பின்பக்கத்தைத்தான் பாத்திருக்கா. பிள்ளைக கத்துற சத்தத்தையும் அந்த எழுத்தையும் அவளே சேத்துக்கிட்டா."

அம்மையார் கதவோரம் வந்து குனிந்து பார்த்தார். ஐயாவும் வந்து பார்த்தார். கமிஷனே என் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்தது!

"சரி, நாளைக்கே இந்த வகுப்பை உங்ககிட்டக் குடுத்தா என்ன செய்வீங்க?"

"எல்லாரையும் கதவுகிட்ட உக்கார வைப்பேன் மேடம்."

ஐயா சிரித்துவிட்டார். முதலில் எழுதிய மார்க்கை அடித்துவிட்டு வேறு எழுதினார். கூட்டினாரா, குறைத்தாரா என்று எனக்குத் தெரியாது. பாஸாகிவிட்டேன். காளீஸ்வரி முட்டை வாங்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து யார் "வாசிப்பேன்" என்று சொன்னாலும் எனக்குக் கை பரபரக்கிறது. படத்தை மூடிப் பார்க்கத் தோன்றுகிறது. பிள்ளைகளை மட்டும் சொல்வானேன்? நாம் மட்டும் என்ன? நரிக்குடி பஸ்ஸைப் பெயிண்டை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். ஓட்டுப் போடப் போனால் பெயரை யார் வாசிக்கிறார்கள்... சின்னத்தைத்தானே தேடுகிறோம்?

ரிசல்ட் வந்ததும் அக்கா வீட்டுக்கு ஓடினேன். பெயிண்ட் கையோடு வந்து நின்ற அத்தான் கேட்ட முதல் கேள்வி – "கமிஷன்ல வந்தவுக அட்டையெல்லாம் நல்லாப் பாத்தாகளா?"

"பின்பக்கம் வரைக்கும் பாத்தாக அத்தான்" என்றேன்.

இன்றைக்கும் மனிதருக்கு அதில் அவ்வளவு பெருமை!