வலியாவது கொடு என்று கேட்டேன்

பவ வருஷம் ஆனி மாதம் என் வலது கை செத்துப்போனது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். அருவிப் பசிக்குப் புளியோதரையை அளவில்லாமல் தின்றேன். திரும்பும்போது மாட்டு வண்டியின் பக்கக் கட்டைமேல் கையைத் தொங்கப் போட்டுத் தூங்கிவிட்டேன். எங்கள் ஊர் சுந்தரபாண்டியபுரத்தில் நான் விழித்தேன், கை விழிக்கவில்லை.

“ஏங்க, என்ன இது, வாடுன கீரைத்தண்டு கணக்கா தொங்குது!” என்று மனைவி அழுதாள்.

கார் சாகுபடிக்கு உழுகிற நேரம். மைத்துனன் வந்தான். “அத்தான், ஒங்க வயலயும் நானே உழுதுருதேன்.”

அவன் உழுத வயல் பன்றி கிளறினாற்போல் இருக்கும். “ஆடி பொறக்கட்டும். அதுக்குள்ள கை வரலன்னா உழுதுக்கோ” என்றேன்.

தென்காசி டாக்டர் கையைத் தட்டிப் பார்த்தார். “மூளை போடுற உத்தரவு முதுகுத்தண்டு வழியா எறங்கி, நரம்புல தந்தி மாதிரி ஓடி விரலுக்கு வரும். மேல்கையில எலும்ப ஒட்டிப் போற நரம்ப வண்டிக்கட்டை நசுக்கிட்டு. சேதி அங்கனயே நிக்குது.”

“அப்பம் வேற கம்பி இழுத்து விடுங்க.”

“அதெல்லாம் முடியாது. தானா வரும்.”

“எப்பம்?”

“சொல்ல முடியாது.”

இதைச் சொல்ல ஒரு டாக்டரா?

நேரே குற்றாலநாதர் முன்னால் போய் நின்றேன். கும்பிட்டால் வலது கை மட்டும் கவிழ்ந்து, போ போ என்று சாமியையே விரட்டுவதுபோல் தொங்கியது. அழுகை வந்துவிட்டது. “ஒம்ம அருவிக்கு வந்தவன இப்படியா அனுப்புவீரு? சொகம் வேண்டாம். வலியாவது குடும்” என்று சண்டை போட்டேன்.

இருபது நாள் விடாமல் போனேன். ஆடிக்கு ஒரு வாரம் இருக்கையில், கோவில் வாசலில் ஒரு குரங்கு என் பிரசாதப் பழத்தைப் பிடுங்கி, வலது புறங்கையைப் பிறாண்டியது.

சுரீர் என்றது!

“வலிக்குது! வலிக்குதுய்யா!” என்று குதித்தேன். மனைவி பதறி, “கிறுக்கு புடிச்சிட்டா?” என்றாள். கை வரைக்கும் ஓடாத தந்தி கையிலிருந்து தலைக்கு ஓடியிருக்கிறது, எனக்குக் கிறுக்குப் பிடிக்காதா?

ஐந்தாம் நாள் மணிக்கட்டு நிமிர்ந்தது. ஆடி முதல் தேதி நானே மேழி பிடித்தேன். கோணல்தான், இருந்தாலும் மைத்துனனைவிட நேர். டாக்டர், “நான் சொன்னேன்லா, தானா வரும்னு” என்றார். தானாக வரும் என்று நரம்புக்கு யார் சொல்லி வைத்தார்களாம்?

இன்றும் முள் குத்தினால் வைகிறேன். வைதுவிட்டுக் கும்பிடுகிறேன், வலி வந்து சேர்ந்ததே என்று. உங்களுக்கும் கஷ்டம் என்றால் குற்றாலநாதரிடம் போங்கள். அழகாகக் கேட்கத் தெரியவில்லையா, திட்டியே கேளுங்கள். எனக்குக் கொடுத்தார்.