பால்கனியில் தொங்கிய சீரியல்

புறாவை விரட்டுகிறேன் என்று சொல்லி அம்மாவின் வாயைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டவன் என் தம்பி. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று பொறுத்துப் பார்த்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. சரி, சூட்டோடு சூடாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கால் ஓரளவு திரும்பிவிட்டது, பிடித்துக்கொண்டால் நடப்பாள். பேச்சு மட்டும் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டுவாள், வேண்டாமென்றால் தலையைத் திருப்பிக்கொள்வாள். மீதி எல்லாம் "ம்", "ஆ" தான். ஆவடி பேக்டரி குவார்ட்டர்ஸில் அந்தக் கோடி வீட்டுக்குக் கேட்கிற மாதிரிப் பேசியவள் இவள். எங்கள் லைனில் மதுரைக்காரர், தர்மபுரிக்காரர், நாகர்கோவில்காரர் என்று எல்லா ஊரும் இருந்தது. யார் வீட்டில் சண்டை என்றாலும் என் அம்மாதான் பஞ்சாயத்து. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நடுவில் போய் நின்றாளென்றால் ஆம்பிளைகளே குரலைத் தாழ்த்துவார்கள். அப்பேர்ப்பட்ட வாய் ஒரே காலையில் பூட்டிக்கொண்டது.

அந்தக் குவார்ட்டர்ஸ் நாட்களில் ஒரு சீரியல் வந்தது. வாரத்துக்கு ஒரு நாள்தான். மெஸ் நடத்துகிற ஒரு பெண், அவளிடம் சாப்பிட வருகிறவர்கள், அவர்கள் வீட்டுக் கதைகள். இப்போது போல ஒரு அறையை மூன்று பக்கமிருந்து திருப்பித் திருப்பிக் காட்டுகிற வேலையெல்லாம் கிடையாது. எல்லாரும் மனுஷர் மாதிரிப் பேசுவார்கள், சோறு ஆறிப்போனதற்குச் சண்டை போடுவார்கள். அது ஓடும்போது குழாயில் தண்ணீர் வந்து குடம் நிரம்பி வழிந்தாலும் லைனில் ஒருத்தியும் எழுந்து போக மாட்டாள். ஆரம்பத்தில் ஒரு பாட்டு வரும். வாசலைத் தெளித்து அடுப்பைப் பற்றவைக்கிற பாட்டு. அம்மா அதைக் கூடவே பாடுவாள், சுருதி எங்கேயோ போகும், அதைப் பற்றி அவளுக்கென்ன?

அப்பா ஓய்வு பெற்று நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்த சமயத்தில் அந்த சீரியல் முழுசாக டிவிடி பெட்டியாக வந்திருந்தது. அம்மா அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அது. பருத்திப்பட்டில் இந்த பிளாட்டுக்கு வந்தபின் அவள் அதைப் பார்த்த கணக்கு ஒன்றிரண்டல்ல. அப்பா போனபிறகும் பார்த்தாள். "அவன நம்பாதடி, பாவி மவளே" என்று டிவியிலிருக்கிறவளைத் திட்டிக்கொண்டே கீரை ஆய்வாள். நானும் பார்த்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சமையலை அடுப்பில் ஏற்றிவிட்டு அம்மாவோடு இரண்டு எபிசோடு பார்ப்பேன். நடுவில் குக்கர் கூப்பிட்டால் நிறுத்தலாம். திரும்பி வந்தால் விட்ட இடத்திலேயே அந்தப் பெண் கரண்டியோடு நிற்பாள். ஒருத்தனும் விளம்பரம் என்று குறுக்கே வரமாட்டான். சொந்தமாக வைத்திருப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. இதைச் சொன்னால் ஆபீசில் சின்னப் பெண்கள் சிரிக்கிறார்கள். "எல்லாம் போன்லயே இருக்குக்கா." இருக்கும் இருக்கும். நாளைக்கு அவன் எடுத்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பாய்? ஒரு ஆப்பில் இதே சீரியல் கொஞ்ச நாள் இருந்தது, ஒரு காலையில் காணவில்லை. கேட்க நாதியில்லை.

பக்கவாதத்துக்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிற நேரத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள பட்டாபிராமிலிருந்து ஒரு அக்கா வருகிறாள். சும்மா பொழுதுபோக்குக்காக ஒருநாள் அவள் அந்த டிவிடியைப் போட்டிருக்கிறாள். எனக்கு போன் வந்தது.

"மேடம், சட்னு வா. பெரீம்மா பாடிகினு கீது!"

"யாரு பாடுறா?"

"உங்கம்மாதான், வேற யாரு? சத்தியமா! வந்து பாரு இன்னா அழகா பாடுதுன்னு!"

இவளுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பாதி நாள் லீவு சொல்லி ரயிலைப் பிடித்து, ஆவடியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கி வீட்டுக்கு வந்தேன். அந்த அக்கா மறுபடி போட்டுக் காட்டினாள். பாட்டு ஆரம்பித்தது. என் அம்மா வாயைத் திறந்து, வார்த்தை வார்த்தையாக, ஒன்றைக்கூட முழுங்காமல் பாடினாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடு ஹாலில் நின்று ஓவென்று அழுதேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. பேச்சு மூளையில் ஒரு இடம், பழகிய பாட்டு வேறு இடம், பேச்சு போனாலும் சிலருக்குப் பாட்டு தங்கிவிடும் என்றாள். அந்தப் பாட்டு முடிந்த கையோடு அம்மாவுக்கு நாக்கு கொஞ்ச நேரம் இளகியிருக்கும். மெஸ்காரி பேசுவதில் நாலு வசனம் கூடவே வரும். அப்புறம் மறுபடி பூட்டு. சொந்தமாக ஒரு சொல் வராது. ஆனாலும் அது அவள் குரல். ஒவ்வொரு எபிசோடு தொடக்கத்திலும் என் அம்மாவின் குரல் இந்த வீட்டில் கேட்கும். எங்களுக்கு மிஞ்சியது அவ்வளவுதான், அது அவ்வளவும் அந்தப் பெட்டியில்தான்.

இதைத் தம்பியிடம் சொன்னேனா? சொன்னேன். பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறவனுக்கு அன்றைக்கே போன் போட்டு, அழுது, மூக்கைச் சிந்திச் சொன்னேன். "சூப்பர்க்கா" என்றான். அடுத்த வாக்கியம் அவன் அபார்ட்மெண்டில் கார் நிறுத்தும் தகராறு.

பொங்கலுக்கு அவன் வந்தான். போகி அன்றைக்கு எங்கள் கம்பெனியில் லீவு கிடையாது. பார்த்துக்கொள்கிற அக்கா வீடு கழுவ வேண்டுமென்று லீவு கேட்டிருந்தாள். தம்பி இருக்கிறானே, ஒருநாள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள மாட்டானா என்று நம்பிப் போனேன்.

சாயங்காலம் ஏரிப் பக்கமாக நடந்து வரும்போதே எங்கள் பால்கனி பளிச் பளிச் என்று அடித்தது. இங்கே புறாத் தொல்லை தெரியாதவர் கிடையாது. கொடியில் துணி போட முடியாது, ஏசி மேல் எல்லாம் எச்சம். அதனால் பாதி வீடுகளில் பழைய சிடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். வெளிச்சம் பட்டுத் திரும்பினால் புறா பயப்படுமாம். நம் வீட்டிலும் எதையோ கட்டியிருக்கிறானே, இவனுக்கு சிடி எங்கே கிடைத்தது என்று யோசித்துக்கொண்டே படியேறினேன். கதவைத் திறப்பதற்குள் விளங்கிவிட்டது.

"அக்கா, வா வா! போகின்னா பழசக் கழிக்கணும்ல? வீட்ட எப்படி ஆக்கியிருக்கேன் பாரு."

பார்த்தேன். முழு செட். இரண்டு பக்கமும் மின்ன வேண்டுமென்று இரண்டிரண்டாக முதுகோடு முதுகு பசை போட்டு ஒட்டி, ஓட்டையில் நைலான் கயிறு கோத்து, வரிசையாகக் கட்டியிருந்தான். காற்றில் ஆடி ஆடிக் கம்பியில் உரசிக் கொண்டிருந்தன. கம்பியின் மேல் ஒரு புறா சாவகாசமாக உட்கார்ந்து எச்சம் போட்டுக்கொண்டிருந்தது. பெட்டி எங்கேடா என்றேன். கீழே பழைய பிளாஸ்டிக்காரர் வந்தார், போட்டுவிட்டேன் என்றான். குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்குக்காவது இன்ஜினியரிங் பட்டம் கிடையாது.

"இது என்னன்னு தெரியுமாடா உனக்கு?"

"பழைய சீரியல்தானக்கா. டிவிடியெல்லாம் இப்ப யாரு பாக்குறா? யூடியூப்ல கெடக்கு."

"அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"அம்மா இங்கதான் உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணும் சொல்லலையே."

ஒண்ணும் சொல்லலையே. இந்த வார்த்தைக்கு என்ன பதில் சொல்வீர்கள்? அதோடு விட்டானா? "கட்டும்போது சந்தோஷமா சவுண்டு கூடக் கொடுத்தாங்க" என்றான். நான் அம்மாவைப் பார்த்தேன். நாற்காலியில் ஒரு பக்கம் சாய்ந்து, முந்தானையைக் கசக்கிப் பிடித்தபடி, முகமெல்லாம் வீங்கிப்போய் இருந்தாள். சந்தோஷமாம். கண்முன்னால் ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டையில் கயிறு கோக்கிறான், வேண்டாண்டா என்று சொல்ல அவளால் முடியவில்லை. கத்தியிருக்கிறாள். பெற்ற பிள்ளைக்கு அது கத்தல் என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில் நான் அவனைத் திட்டியதையெல்லாம் இங்கே எழுதினால் அச்சில் ஏறாது. "நாசமாப் போறவனே, அது அம்மாவோட குரல்டா!" என்று நான் கத்தியதில் எதிர் பிளாட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள். பார்க்கட்டும். அப்போதுதான் அவனுக்கு அந்த போன் ஞாபகம் வந்தது. முகம் செத்துப்போனது. ஆனாலும் ஒத்துக்கொள்வானா? "இரு அக்கா, இரு, பதறாத" என்று போனை எடுத்து டிவியில் யூடியூபைப் போட்டான். சீரியல் வந்தது. முதலில் நகைக்கடை விளம்பரம், அப்புறம் பல்பொடி. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாட்டுக்காக வாயைத் திறந்தாள். நேராக மெஸ்ஸுக்குள் காட்சி ஆரம்பித்துவிட்டது. பாட்டை வெட்டியிருந்தார்கள். திறந்த வாயோடு அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாள், அப்புறம் மூடிக்கொண்டாள். அடுத்த எபிசோடு, அதற்கடுத்தது, எல்லாவற்றிலும் அதே வெட்டு.

"டைட்டில் சாங்குக்கு ஏதாவது ரைட்ஸ் பிரச்சினை இருக்கும்க்கா" என்று முனகினான். ஆமாம், வக்கீல் இவர்.

கயிற்றை அறுத்து எல்லாவற்றையும் கொண்டுவந்தோம். பசை இறுகியிருந்தது. பிரிக்கப்போனால் படக்கென்று விரிசல் விட்டது. முழுசாகப் பிரிந்தவற்றின் முகத்தில் எல்லாம் கம்பி கீறின கோடு. ஈரத்துணியால் துடைத்து ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்று பிளேயரின் பட்டனை அமுக்கினேன். தட்டு வெளியே வந்தது. அதில் ஒரு டிஸ்க் இருந்தது. முந்தின நாள் அந்த அக்கா போட்டுவிட்டுப் போனது. பிளேயரைத் திறந்து பார்க்கக்கூட இவனுக்குத் தோன்றாததால் அது தப்பியது.

போட்டேன். பாட்டு வந்தது.

அம்மா பாடினாள். எப்போதையும்விடச் சத்தமாகப் பாடினாள், கோபத்தில் பாடினாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. தம்பி கையில் உடைந்த டிஸ்க்கோடு அப்படியே நின்றான். பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து அவன் கேட்டதே இல்லை. வீடியோ காலில் கையாட்டிவிட்டு வைத்துவிடுகிறவன்தானே. குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தான். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை, இருக்கிறதைச் சொல்கிறேன். அழுவதற்கென்ன, ஊரிலிருந்து வந்தவர் எல்லாரும் அழுதுவிட்டுத்தான் போகிறார்கள்.

பாட்டு முடிந்ததும் அவன் அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தான். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, இவ்ளோ நல்லாப் பாடுறியேம்மா. என் பேரச் சொல்லும்மா. ஒரே ஒரு தடவ."

அம்மா அவனைப் பார்த்தாள். உதட்டைக் குவித்தாள். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள், எச்சில் ஒழுகியது. அவன் விடவில்லை. "ட்ரை பண்ணும்மா, என் பேரும்மா, நீ வச்ச பேருதானம்மா" என்று கெஞ்சினான். அம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"விடுடா அவள" என்று நான் அவன் தோளைப் பிடித்து இழுத்தேன்.

"என் பேரு மறந்துபோச்சாக்கா அம்மாவுக்கு?"

"ஒண்ணும் மறக்கல. வராதுடா."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "உன் பேரயாவது சொல்றாங்களா?"

நான் அம்மாவின் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டதில்ல" என்றேன். "அவளால முடியாதத நான் ஏன்டா கேக்கணும்?"