கதவுத்தூணின் சப்பாத்து

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்தாறு வருடம் வளைகுடா நகரமான மனாமாவில் கதவு பொருத்தியவர் கனகரத்தினம். போகிற வழியில் ஒரு கதவு கிரீச்சிட்டால் நின்றுவிடுவார். கடைசியாக அவருக்குக் கிடைத்தது ஒரு தனியார் பழம்பொருள் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிகளுக்குக் கீல் மாற்றும் வேலை. அங்கேதான் அந்த வெண்கலத்தைப் பார்த்தார். உள்ளங்கை அளவு, பச்சை பிடித்தது, நடுவில் குழிவு. பக்கத்தில் 'கிண்ணம்' என்று எழுதியிருந்தது.

"கிண்ணமில்லை பிள்ளை," என்றார் மகள் கஜாலினியிடம், குதைபியா பகுதியில் இருந்த தங்கள் வீட்டுக்குள் நுழைந்த கையோடு. "காலுக்குப் போடுற மாதிரிக் கதவுக்குப் போட்ட சப்பாத்து. அந்தக் காலத்தில கீல் ஏது? கதவைத் தூணோட சேத்து அடிச்சு, தூணைக் கல்லுக்குழியில நிப்பாட்டிச் சுத்த விடுறது. எங்கட பழைய கோயில் கதவுகளும் அப்பிடித்தானே. வெறும் மரமெண்டால் தேஞ்சு போகும். அதுக்குத்தான் செம்பில வெள்ளீயம் கலந்து வார்த்து, தூணின்ர அடியில மாட்டி ஆணி அடிச்சவங்கள்."

"ஆணி ஓட்டையைக் கண்டனீங்களோ?"

"களிம்பு மூடிக் கிடக்கு. ஆனா அடி தேஞ்சிருக்கு. பெருவிரலால தடவிப் பாத்தனான்."

அதன் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்தில் பதிவேடு பார்க்கும் காயல்பட்டினத்து மின்ஹாவை, பெயரை மாற்றச் சொல்லி நாள்தோறும் நச்சரித்தார். கூட வேலை செய்தவர்கள் 'சப்பாத்து அண்ணை' என்று பெயர் வைத்தார்கள். மார்ச் மாதம் ஒரு காலை, வேலைக்குப் புறப்படும்போது மாரடைப்பில் போய்விட்டார். கண்ணாடிப் பெட்டியில் 'கிண்ணம்' என்ற எழுத்து அப்படியே இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மூன்றாம் நாள் மின்ஹா அழைத்தாள். "எக்ஸ்ரே எடுத்தாச்சு. உங்க வாப்பா அவ்வளவு சொன்னாங்களே, அதுக்காகத்தான். பன்னிரண்டு மணிக்குப் புதுப் பெயரட்டையெல்லாம் அச்சுக்குப் போவுது. யல்லா, வாங்க."

குழாய் வெல்டிங்கை எக்ஸ்ரேயில் சோதிப்பது கஜாலினியின் தொழில். கூடத்துக்குப் போய் படத்தை விளக்குப் பலகையில் வைத்தாள். களிம்புக்கு அடியில் மூன்று துளைகள். இரண்டில் ஆணி முறிந்து நின்றது.

"சப்பாத்துதான்," என்றாள்.

பிறகு படத்தில் அடிப்பாகத்தின் தடிப்பை அளந்தாள். மறுபடி அளந்தாள். எங்கும் ஒரே தடிப்பு. தேய்மானம் இல்லை. அந்தக் கதவு சுழன்றதே இல்லையோ என்னவோ.

எழுந்து சன்னல்வரை நடந்தாள். திரும்பினாள். மணி பதினொன்றே முக்கால்.

"தேஞ்சிருக்குன்னு ஒரு வரி போட்டுருவமா?" என்றாள் மின்ஹா மெதுவாக. "யாரு அளக்கப் போறா?"

"நான் அளந்திட்டனே."

எழுதிக் கொடுத்தாள்: கதவுத்தூணின் அடிப்பூண். வார்ப்பு வெண்கலம். மூன்று ஆணித்துளைகள். தேய்மானம் இல்லை.

மின்ஹா அந்தப் பூணை அவள் கையில் வைத்தாள். கஜாலினி கையுறையோடு பெருவிரலால் அடியைத் தடவினாள். தேய்ந்தது போலத்தான் இருந்தது.

எழுதியதை அவள் மாற்றவில்லை.