சோறு கேட்ட பிள்ளைக்கு ரொட்டி கொடுத்தேன்

என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எந்த இடத்தில் எந்த 'ல' போடுவது என்பதில் எனக்கு எப்போதும் தகராறு. பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் முன்னால் பேசவும் எனக்கு வராது. அதைப் பார்த்துத்தான் பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்க்கிற டாக்டரம்மா சொன்னார்: "பேச வேணாம், எழுதிக் குடுங்க. உங்கள மாதிரி கொழந்தையத் தூக்கிட்டு வர்றவங்களுக்கு நான் படிச்சுக் காட்டறேன்." அவர் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நான் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். வீடு ராயபுரத்தில். என் மனைவி கன்னியம்மா. அவள் அண்ணன் எண்ணூரில் கட்டுமரம் வைத்து மீன் பிடித்தார். எங்கள் மூத்த பெண் அம்சா. மூன்று வயது வரை அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மீன் முள்ளைத் தானே எடுத்துப் போட்டுவிட்டுச் சோறு தின்பாள்.

உலகச் சண்டைக் காலத்தில் அரிசிக்கு ரேஷன் வந்தது. அரிசி கொஞ்சம், கோதுமை கொஞ்சம் என்று போட்டார்கள். கோதுமையை என்ன செய்வது என்று எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாது. அரிசி போலவே வேகவைத்துத் தின்றுவிட்டு வயிற்று வலியோடு கிடந்தவர்கள் உண்டு. கன்னியம்மா அதை மிஷினில் அரைத்துக் கூழ் காய்ச்சினாள். மூட்டை தூக்குகிறவனுக்குச் சோறு வேண்டும் என்று அரிசியை எனக்கு வைத்துவிட்டு, பிள்ளைக்குக் கூழை ஊற்றினாள்.

முதலில் கண்ணில் பட்டது அம்சா வெளிக்குப் போனதுதான். வெளுத்து, எண்ணெய் கலந்தது போல, தாங்க முடியாத நாற்றத்தோடு இருந்தது. தண்ணீர் ஊற்றினால் மிதந்தது. இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கும் இப்படி இருந்தால் நீங்கள் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நாங்கள் "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொன்னோம். பூச்சி மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

பிறகு வயிறு உப்பியது. கையும் காலும் இளைத்தன. தூக்கினால் எரிச்சல் பட்டு அழுதாள், இறக்கிவிட்டாலும் அழுதாள். பக்கத்து வீட்டு மங்காத்தா வந்து பார்த்தாள்.

"இன்னாடி கன்னிமா, வயிறு பானையாட்டம் கீது, காலு குச்சியாட்டம் கீது. மாந்தம்டி இது. மொதல்ல சோத்த நிறுத்து. ரொட்டி குடு."

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. நோய் வந்தால் சோறு ஆகாது. ரொட்டியும் பன்னும் பாலில் நனைத்துக் கொடுக்க வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறவன் வீட்டுக்கு ரொட்டி வாங்கிப் போக மாட்டான். காகிதத்தில் சுற்றிய ரொட்டியோடு நான் தெருவில் நடந்தால் போதும், "இன்னா மாமு, வூட்ல யாருக்கு நோவு?" என்று கேட்பார்கள். நோயாளிக்கு ரொட்டி வாங்குவதைவிடப் பெரிய கவனிப்பு எங்களுக்குத் தெரியாது.

கன்னியம்மாவின் அண்ணன் ஒரு நாள் வந்து அம்சாவைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "இன்னா மச்சான், கொயந்திக்கு இன்னாதான் குடுக்கறீங்க? மயைல நனைஞ்ச பூனக்குட்டியாட்டம் கீது. எங்கூட அனுப்பு. கடக்காத்து பட்டா சரியாப் பூடும்."

எண்ணூரில் அவர்கள் மீனைக் கொடுத்து அரிசி வாங்கிக்கொள்வார்கள். கோதுமை அந்த வீட்டுக்குள் வராது. நாற்பது நாள் கழித்து நான் போனபோது அம்சா மணலில் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் ஓடி நான் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

கடல் காற்றுதான் காரணம் என்று எல்லோரும் சொன்னோம். ராயபுரத்திலும் அதே கடல்தான், அதே காற்றுதான். அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஒரு மாதத்துக்குள் மறுபடியும் அதே வயிறு. இந்தத் தடவை முதல் நாளே சோற்றை நிறுத்தினோம்.

அம்சாவுக்கு ரொட்டி பிடிக்காது. கொடுக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"வாணாம் நைனா. வயிறு நோவுது. சோறு குடு நைனா. மீன் கொயம்பு ஊத்தி."

"நோவு போவட்டும் கண்ணு. அப்பால சோறுதான்."

ஒரு நாள் அவள் படுக்கிற பாயைத் தூக்கினேன். கீழே ரொட்டித் துண்டுகள் காய்ந்து கிடந்தன. நாலைந்து நாளாக அவள் தின்னாமல் ஒளித்து வைத்தவை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அவளை அறைந்தேன். என்னுடையது மூட்டை தூக்குகிற கை. அதுவரை அவளை நான் அடித்ததே இல்லை.

அவள் அழவில்லை. காய்ந்த துண்டு ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். என்னையே பார்த்துக்கொண்டு மென்று விழுங்கினாள். பிறகு இன்னொன்றை எடுத்தாள். கன்னியம்மா ஓடிவந்து கையைப் பிடிக்கிற வரை தின்றுகொண்டே இருந்தாள்.

அந்தக் கார்த்திகையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தோம். அங்கேயும் பாலும் ரொட்டியும்தான். அப்போது எங்கும் அதுதான் பத்தியம். நான் பக்கத்தில் உட்கார்ந்து நனைத்து நனைத்து ஊட்டினேன். ஆறாம் நாள் காலையில் போய்விட்டாள். அவளுக்கு வயது ஆறு. தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மூட்டை தூக்கிப் பழகின தோளுக்கு அவள் இருப்பதே தெரியவில்லை.

நாலு வருஷம் கழித்து தேவராஜ் பிறந்தான். அவன் மேல் எனக்கு அளவில்லாத ஆசை. வேலை முடிந்து வரும்போது டீக்கடையில் தினம் ஒரு பன் வாங்கி வருவேன். அக்காவைப் போல அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஓடிவந்து பிடுங்கித் தின்பான். நாலு வயதில் அவனுக்கும் வயிறு உப்பத் தொடங்கியது. உடனே சோற்றை நிறுத்தினோம். ரொட்டி வாங்கினேன்.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் எதிரில் இருந்த தட்டைக் காணாமல் தரையைத் தடவினான். மாலைக்கண் (பொழுது சாய்ந்ததும் பார்வை மங்கிவிடும், சத்துக் குறைவால் வருவது). கன்னியம்மா அவனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அதே வயிறுய்யா. அதே காலு. அம்சாவ வாரிக் குடுத்தாப்பல இவனையும் குடுக்கச் சொல்றியா? மாந்தம் மந்திரம்னு எவளாவது வந்தா வௌக்குமாத்தாலதான் அடிப்பேன். பெரிய ஆஸ்பத்திரிக்கி நட."

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மூன்று நாள் முறை வைத்துக் காத்திருந்தோம். சீமைக்குப் போய்ப் படித்துத் திரும்பிய ஒரு டாக்டரம்மா பார்த்தார். அவர் முதலில் பிள்ளையைத் தொடவில்லை. காலையிலிருந்து படுக்கிற வரை அவன் வாயில் போவது என்னென்ன என்று கேட்டார்.

கன்னியம்மா பெருமையாகச் சொன்னாள். "சோறே கண்ணுல காட்டலீங்கம்மா. ஆறு மாசமா ரொட்டி, பன்னு, கோதுமக் கஞ்சி. ஒரு பருக்க குடுத்திருப்பேனா கேளுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க நிறுத்தினது தப்பான சாமானை, அம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை.

இரத்தமும் மலமும் சோதித்தார்கள். இரத்தசோகை (இரத்தத்தில் சிவப்பு குறைந்து உடம்பு வெளுப்பது) இருந்தது. தின்ற கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியே போயிருந்தது. வியாதியின் பெயர் சீலியாக் (கோதுமையில் உள்ள பசைச் சத்து குடலைக் கெடுத்து, சாப்பிடுகிற எதுவும் உடம்பில் ஒட்டாமல் செய்யும் நோய்). ரொட்டி, பன், பிஸ்கட், ரவை, சேமியா எதுவும் ஆயுள் முழுக்க ஆகாது. சோறு போடுங்கள், மீன் கொடுங்கள், வாழைப்பழம் கொடுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தோம். முதல் கவளத்தைக் கன்னியம்மா ஊட்டினாள். மங்காத்தா தெருவில் நின்று, "நோவுக்காரப் புள்ளைக்கு சோத்தப் போட்டு கொல்றாளே பாவி! ஒண்ணு பூட்டது பத்தலியா?" என்று கத்தினாள். எனக்கும் உள்ளுக்குள் அந்த பயம்தான்.

ஒன்பதாம் நாள் தேவராஜ், "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றான். பத்தாம் நாள் வாசல்வரை நடந்து போய் மங்காத்தாவின் கோழியைத் துரத்தினான். அவள் கத்தவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவனையே பார்த்தாள்.

அவன் பிழைப்பான் என்று அன்றைக்குத் தெரிந்தது. அம்சா எதனால் போனாள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கன்னியம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவன் கன்னத்தில் சதை ஏற ஏற எனக்குச் சந்தோஷம் வரும். அதன் பின்னாலேயே இன்னொன்றும் வரும். இவனுக்குப் போதுமாயிருந்தது ஒன்பது நாள். அவள் மூன்று வருஷம் நோயோடு இருந்தாள்.

மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பத்துப் பன்னிரண்டு தடவை போன பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "முன்னாடி ஒரு பொண்ணு இருந்துதும்மா" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பாய், ரொட்டித் துண்டு, அறைந்தது, எல்லாம்.

டாக்டரம்மா கடைசி வரை கேட்டார். பிறகு சொன்னார்: "அந்த வருஷம் என்கிட்டயே கொண்டு வந்திருந்தாலும் நானும் ரொட்டிதான் குடுக்கச் சொல்லியிருப்பேன். எங்களுக்கே தெரியாது."

நான் தலையாட்டினேன். அவர் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார் என்று தெரியும். ஆனால் அம்சாவுக்குத் தெரிந்திருந்தது. எங்களில் அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அப்போதுதான் அவர் என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். என் உடம்பைப் பற்றிக் கேட்டார். வாய்ப்புண், அடிக்கடி வயிற்றுப்போக்கு, படி ஏறினால் மூச்சு வாங்குவது என்று பல வருஷமாக எனக்கு இருந்தது. மூட்டை வேலை என்றால் அப்படித்தான் என்று விட்டிருந்தேன். முழங்கையிலும் முட்டியிலும் கொப்புளம் கொப்புளமாக அரிக்கும். "சாக்குல கீற பூச்சி அத்தினியும் உன்னத்தான் தோஸ்து புடிச்சிக்கிச்சா?" என்று கூட இருக்கிறவர்கள் கேலி செய்வார்கள். வேலைக்கு நடுவில் டீயும் பன்னும் தின்பது என் வழக்கம்.

சில குடும்பங்களில் இது ஒருவருக்கு மேல் வருவதுண்டு என்றார். நானும் கோதுமையை விட்டேன். இரண்டு மாதத்தில் வாய்ப்புண் ஆறியது. நாற்பத்து மூன்று வயதில் எனக்கு வலு வந்தது. அரிப்பும் குறைந்துவருகிறது, அது இதனால்தானா என்று டாக்டரம்மாவுக்கே நிச்சயமில்லை.

என் உடம்பு தேறியது எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு இது என் இரத்தத்திலிருந்து போயிருக்கலாம். மருந்து மட்டும் என்னிடம் வந்து நின்றுவிட்டது. இதையும் நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "இதையும் எழுதுங்க" என்றார்.

பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளை ஒன்றை வேண்டாம் என்றால் உடனே அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்று ஒரு தடவை கேளுங்கள். அம்சா காரணமும் சொன்னாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

இப்போது காலையில் கண் விழித்ததும் எனக்குப் பசிக்கிறது. இத்தனை வருஷம் பசி என்று நான் நினைத்திருந்தது வெறும் களைப்பு என்று இப்போது தெரிகிறது. கன்னியம்மா பழைய சோறும் நேற்றைய மீன் குழம்பும் வைப்பாள். வயிறு கேட்கும், கை போகாது. சில நாள் வேலைக்குப் போகிற நேரம்கூடத் தவறிவிடும். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"துன்னுய்யா" என்பாள்.

தின்பேன்.

1958, ஆவணி மாதம் ஒன்பதாம் தேதி.