ஒன்பதடி அறை

மணல் குவியலின் மேல் அந்தத் தாள் விரிந்து கிடந்தது. பறந்துவிடாமல் மூன்று மூலையில் செங்கல் துண்டு, நான்காவது மூலையில் கொத்தனார் அண்ணனின் டீ கிளாஸ். அவர் கிளாஸை எடுத்தபோது தாளில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. குளியலறை என்று போட்டிருந்த கட்டத்தின் நடுவிலேயே விழுந்திருந்தது. இரண்டு மாதம் காத்திருந்து அனுமதி வாங்கி வந்த பிளான் அது. அண்ணன் வேட்டி நுனியால் அதைத் துடைத்துவிட்டு, ஆபீசில் ஒரு சீல் போட்டார்கள், நம் பங்குக்கு ஒரு சீல் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அதற்கப்புறம் அந்தத் தாளை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் என் கூடப் பிறந்தவர் இல்லை. முப்பது வருடம் அவருக்குச் சித்தாளாக இருந்தேன். கோச்சடையிலும் காளவாசலிலும் இன்றைக்கு மாடி மேல் மாடியாக நிற்கிற வீடுகள் பலவற்றில் நான் எடுத்துக் கொடுத்த கல்லை அவர் வைத்திருக்கிறார். அவர் கை பின்னால் நீளும்போது கல் அதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. நானும் அதிகம் பேசுகிறவள் இல்லை, அதனால் ஒத்துப்போனது. அத்தனை வீடு கட்டியும் ஒரு வீட்டுப் பிளானைக்கூட நான் பார்த்ததில்லை. அது வீட்டுக்காரர் பீரோவில் பட்டாவோடு மடிந்து கிடக்கும். அண்ணனும் கேட்க மாட்டார். "தாளு ஆபீசுக்கு, வீடு மனுசனுக்கு" என்பார். அவருக்குத் தெரிந்த கணக்கு மனையடிக் கணக்கு ஒன்றுதான். சுவரின் உள்பக்கத்திலிருந்து எதிர்ச் சுவரின் உள்பக்கம் வரை அளப்பார். ஆறு, எட்டு, பத்து, பதினொன்று வந்தால் முகம் மலரும். ஏழோ ஒன்பதோ வந்தால் யார் சொன்னாலும் கேட்காமல் நூலை அவிழ்த்து நகர்த்திக் கட்டுவார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் வீடு கட்டுவது இப்படித்தான். அனுமதிக்கு ஒரு அளவு, குடியிருக்க ஒரு அளவு.

எங்கள் வீட்டில் ஓர் அறை கூட்டிக் கட்ட வேண்டி வந்தது என் வீட்டுக்காரருக்காக. ஆரப்பாளையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மனிதர், ஒருநாள் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கக்கூஸ் கொல்லையில் இருக்கிறது, இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். அவரை அணைத்துப் பிடித்துத் தினமும் இறக்குவேன், ஏற்றுவேன். மழை பெய்த ஒரு காலையில் கால் வழுக்கி இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் எழுந்திருக்க முடியாமல் வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். இனிமேல் என்னை வெளியே கூட்டிப் போகாதே, தண்ணீரும் சோறும் குறைத்துக்கொள்கிறேன் என்று கோணிய வாயால் சொன்னார். சொன்னபடியே குறைத்தார். பத்து நாளில் கழுத்தெலும்பு வெளியே தெரிந்தது. குளியலறை சேர்ந்த ஓர் அறையை வீட்டோடு ஒட்டிக் கட்டாவிட்டால் இந்த மனிதர் பட்டினி கிடந்தே போய்விடுவார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

இடம் இருந்தது. வீட்டுக்குத் தெற்கே, கொழுந்தனின் காம்பவுண்டுச் சுவர் வரை பதின்மூன்றடி. பாகம் பிரித்த நாளிலிருந்து அவருக்கும் எங்களுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. நான் கட்டப்போவது தெரிந்ததும் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "மதினி, பிளான் வாங்கிக் கட்டுனா நான் ஏன் கேக்கப்போறேன். ஒரு இஞ்சு மீறுச்சு, மனு எழுதிப் போட்டுருவேன், பாத்துக்கங்க" என்றார். சும்மா சொல்கிற ஆள் இல்லை அவர். எங்கள் தெருவிலேயே அனுமதி இல்லாமல் கட்டிய ஒரு மாடி அறையைப் பூட்டி, கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அந்தக் காகிதம் வெயிலில் வெளுத்து உதிர்கிற வரைக்கும் பூட்டுத் திறக்கவில்லை.

காளவாசலில் பெயிண்ட் கடைக்கு மேலே, பிளான் போட்டு அனுமதி வாங்கிக் கொடுக்கும் ஓர் அம்மா இருந்தார். என் மகள் வயசுதான் இருக்கும். ஆபீஸ் என்றாலே வாசலில் நின்று திரும்புகிறவள் நான். அன்றும் படியில் வெகு நேரம் நின்றேன். அந்த அம்மாதான் வெளியே வந்து கூப்பிட்டு உட்கார வைத்தார். எத்தனை சதுரடி என்று கேட்பார் என நினைத்துக்கொண்டு போனேன். இவருடைய நிலையைச் சொன்னதும், அவரை எப்படித் தூக்குவீர்கள், எந்தப் பக்கம் பிடிப்பீர்கள் என்று கேட்டார். மறுநாள் வீட்டுக்கே வந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த சக்கர நாற்காலியையும் கட்டிலையும் அளந்தார். கட்டிலுக்கு மூன்றரை அடி, நாற்காலி திரும்ப ஐந்தடி, நெருக்கிப்பிடித்தாலும் உள்ளே ஒன்பதடி வேண்டும் என்றார். வெளிச்சுவர் முக்கால் அடி. அதற்கப்பால் காம்பவுண்டு வரை ஒரு மீட்டர், அதாவது மூணேகால் அடி, கட்டாமல் விட வேண்டும். எல்லாம் சேர்த்தால் சரியாகப் பதின்மூன்று. பிளானில் இருந்த கோடுகள் மேல் என் விரலைப் பிடித்து வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். அந்த மூணேகால் அடி எதற்கு என்று கேட்டேன். காற்றுக்கு, வெளிச்சத்துக்கு, தீப்பிடித்தால் ஆள் போக என்றவர், என்னைப் பார்த்துச் சிரித்து, "நீங்க இடுப்புல சட்டிய வச்சுக்கிட்டு எங்கயும் இடிக்காம நடந்து போகலாம்மா" என்றார். அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

அண்ணன் அடித்தளத்துக்கு வானம் தோண்ட நூல் பிடித்த நாளில் நான் இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். திரும்பி வரும்போது சுண்ணாம்புக் கோடு போட்டு, பாதி பள்ளமும் பறித்தாகிவிட்டது. முப்பது வருடம் அவர் பிடித்த நூலைச் சந்தேகப்பட்டதில்லை, அன்றும் பார்க்கவில்லை. அடித்தளம் போட்டு, தரைக்கு மேலே நாலு வரி கல் ஏறியது. ஐந்தாம் நாள் காலை, கொல்லையிலிருந்து சாந்துச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு காம்பவுண்டுக்கும் புதுச் சுவருக்கும் இடையில் நடந்தேன். சட்டி இந்தப் பக்கம் உரசியது. முழங்கை அந்தப் பக்கம் சிராய்த்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அண்ணன் சாப்பிடப் போனபோது அவருடைய டேப்பை எடுத்து அளந்தேன். இரண்டேகால் அடி இருந்தது. மூன்று இடத்தில் அளந்தேன், மூன்றிலும் அதேதான். ஓரடி வெளியே தள்ளி நூல் பிடித்திருக்கிறார். எதற்கு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது பத்தாகிவிட்டது. நோயாளிக்குக் கட்டுகிற அறை ஆகாத அளவில் இருக்கக் கூடாது என்று என் மேலும் இவர் மேலும் உள்ள பிரியத்தில் செய்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எனக்கும் ஒன்பது என்றால் பயம்தான். அவர் சொல்லக் கேட்டே வளர்ந்த பயம்.

அன்று சாயந்தரமே காளவாசலுக்குப் போனேன். தாளில் அந்தக் கோட்டை ஓரடி நகர்த்த முடியுமா என்று பிளான் அம்மாவைக் கேட்டேன். "கோட்ட நகத்த என்கிட்ட ரப்பர் இருக்கும்மா. உங்க கொழுந்தன் கையில டேப் இருக்கே" என்றார். அப்படியானால் எட்டாகக் குறைத்துவிடலாமா, எட்டு நல்ல அளவு என்றேன். அவர் காகிதத்தில் கட்டில் மாதிரி ஒன்றையும் நாற்காலி மாதிரி ஒன்றையும் கத்தரித்து, எட்டடிக் கட்டத்தில் வைத்துத் திருப்பிக் காட்டினார். நாற்காலி திரும்பவில்லை, கட்டிலில் முட்டியது. ஒன்பதில் வைத்தார், திரும்பியது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் காகித நாற்காலிதான் கண்ணில் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அண்ணன் சாந்து குழைக்கச் சொன்னார். நான் மண்வெட்டியைத் தொடவில்லை.

"அண்ணே, தெக்குச் சுவத்தப் பிரிச்சிருங்க" என்றேன்.

"எதுக்கு?"

"தாள்ல உள்ளபடி ஓரடி உள்ள வரணும்."

"உள்ள வந்தா ஒம்பதாயிரும். ஒம்பதுல கொண்டு போயி ஒரு சீக்காளியப் படுக்க வைப்பியா தங்கச்சி?"

"வைப்பேண்ணே."

என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. அடுத்த ஆள் கேட்டிருந்தால் அண்ணன் சத்தம் போட்டிருப்பார். என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். "எங்கையால வைக்க மாட்டேன். நாளப்பின்ன மாப்ளைக்கு ஒண்ணு ஆச்சுண்டா ஊரு ஒன்னியச் சொல்லாது, கட்டுனவன் கையத்தான் சொல்லும்." தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருடைய கொத்துக்கரண்டியும் தூக்குக்குண்டும் தண்ணீர் வாளிக்குள் கிடந்தபடியே கிடந்தன.

நானே பிரித்தேன். ஈரம் முழுக்கக் காயாத சாந்து, தட்டினால் கல் தனியாக வந்தது. ஒவ்வொன்றையும் சுரண்டி அடுக்கினேன். பிறகு பள்ளத்தை உள்பக்கமாக ஓரடி அகலப்படுத்தினேன். கடப்பாரை பிடித்து வருடங்கள் ஆகியிருந்தது, கை கொப்பளித்தது. கட்டிலில் இருந்தபடி ஜன்னல் வழியாக இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். விட்டுத் தொலை, எனக்கு அறையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றார். நீங்கள் சோற்றைத் தின்றுகொண்டிருங்கள், அதுபோதும் என்றேன். அதுவரை அவரை அப்படி எதிர்த்துப் பேசினதில்லை. சுவருக்கு மேலே கொழுந்தன் தலையும் அடிக்கடி வந்து போனது. இரண்டாம் நாள் பிளான் அம்மா ஸ்கூட்டரில் வந்து பள்ளத்தின் ஆழம் பார்த்து, பழைய அடித்தளத்தோடு புதுசும் சேர்ந்து பிடிக்கிற மாதிரி கம்பியும் ஜல்லியும் எப்படிப் போட வேண்டும் என்று நின்று சொல்லிவிட்டுப் போனார். அதையும் போட்டு, தண்ணீர் விட்டு இறுக விட்டேன்.

அது இறுகிய பிறகு ஒரு காலையில் அண்ணனின் கரண்டியை எடுத்தேன். எங்கள் வேலையில் பொம்பளை சட்டி தூக்கலாம், கல் தூக்கலாம், கரண்டி மட்டும் பிடிக்கக் கூடாது. யாரும் விதி எழுதி வைக்கவில்லை, ஆனால் ஒருத்தியும் பிடித்து நான் பார்த்ததில்லை. தாளைப் பார்த்து அளந்து நூல் கட்டி, முதல் கல்லை வைத்தேன். இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவது கல் வைக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம். கரண்டி எடுக்க வந்திருந்தார் அண்ணன்.

"சாந்தா இது, கஞ்சியா?" என்றார். குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலோடு கல்லைப் பார்த்தார். "அம்புட்டும் ஏறி எறங்கி நிக்கிது. இத எவனாச்சும் பாத்தா, முப்பது வருசம் எங்கிட்ட வேலை பாத்தவண்டு சொல்லுவானா?" ஐந்து கல்லையும் பிடுங்கித் துடைத்து வைத்தார். கரண்டியை என் கையிலிருந்து வாங்கினார். உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "தாள்ல எம்புட்டு போட்டுருக்கு?" என்று கேட்டார்.

"ஒம்ப..." என்று ஆரம்பித்தேன்.

"அடியில சொல்லாத. மீட்டர்ல சொல்லு."

"ரெண்டு புள்ளி ஏழு நாலு."

"ரெண்டு புள்ளி ஏழு நாலு" என்று ஒருமுறை சொல்லிக்கொண்டார். "மீட்டருக்கு மனையடி கெடையாதுல்ல?"

இல்லை என்றேன். அவர் கை பின்னால் நீண்டது. நான் கல் எடுத்துக் கொடுத்தேன். அந்த அறை முடிகிற வரைக்கும் அடி என்ற வார்த்தையை அவர் வாயால் சொல்லவில்லை. ஒவ்வொரு சுவருக்கும் என்னிடம் கேட்டு, நான் தாளைப் பார்த்துச் சொல்ல, அந்த மீட்டரை வைத்தே கட்டினார். சுவர் இடுப்பளவு வந்ததும் கொழுந்தன் டேப்போடு வந்தார். வாசலில் அளந்தார், நடுவில் அளந்தார், கொல்லை மூலையில் அளந்தார். மூன்று இடத்திலும் சரியாக ஒரு மீட்டர் இருந்தது. அண்ணன் கரண்டியைத் தட்டியபடி, "இன்னொருக்கா அளந்துக்கங்க தம்பி, டேப்பு சுருங்கிருக்கப் போகுது" என்றார். கொழுந்தன் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனார். மனு எதுவும் வரவில்லை.

இவரைப் புது அறைக்குக் கொண்டுபோன அன்று நாற்காலி எங்கும் முட்டாமல் திரும்பியது. அன்று மத்தியானம் இவர் இரண்டாம் முறை சோறு கேட்டார். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணன் வருவார். வாசலில் நின்றே, "மாப்ள எப்படி இருக்காரு?" என்பார். உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இவர் மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார். எதற்காக வருகிறார் என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரிந்திருந்தது. "மச்சான், இன்னும் இருக்கேன்" என்று சிரிப்பார். ஏழு வருடம் அப்படி வந்தார். கடைசியாக வந்த ஞாயிறு, செருப்பை மாட்டிக்கொண்டே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒம்பதும் நல்லாத்தான் இருக்கு புள்ள. வெளிய யார்ட்டயும் சொல்லிறாத, எம் பொழப்பு கெட்டுப் போகும்" என்றார். அப்போது அவர் வேலையை விட்டே வெகு நாளாகியிருந்தது. சரிண்ணே என்றேன். அவர் இருந்தவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் போய் இரண்டு வருடமாகிறது. இப்போதும் எங்கள் பக்கத்தில் நூல் மாறித்தான் விழுகிறது. போன வாரம் அடுத்த தெருவிலிருந்து ஒரு மருமகப் பெண் கையில் பிளானோடு வந்தாள். மாமியாருக்கு அறை கட்டுகிறார்களாம். உள்ளே ஒன்பது வருகிறது, கொத்தனார் ஓரடி தள்ளித்தான் கட்டுவேன் என்று நிற்கிறார், வீட்டிலும் எல்லாரும் அவர் பக்கம் என்றாள். நான் அவளை எங்கள் அறைக்குள் கூட்டிப் போனேன். கட்டிலில் இவர் தலையணையில் சாய்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். டேப்பை எடுத்து அவள் கையில் கொடுத்து, "சுவத்துக்குச் சுவரு நீயே அளந்து பாருத்தா" என்றேன்.