எட்டடி டாக்டர்

கீரிப்பாறையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன் நான். பத்தாம் வகுப்போடு நின்றவன். பெரிய படிப்புக்குப் போகப்போகும் பிள்ளைகளுக்காக, எனக்குத் தெரிந்த மட்டில் இதை எழுதுகிறேன்.

அடுத்த வீட்டுக்காரரும் என்னோடு பால் வெட்டுகிறவர்தான். அவர் மகள் நர்சிங் சேர்ந்தபோது பஸ் ஸ்டாப்பில் நான்கடிக்கு ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார். போகும்போதும் வரும்போதும் அது என் கண்ணைக் குத்தியது. மறுவருடம் என் மகளுக்கு டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்ததும், அதற்கு முன்னால் எட்டடிக்கு வைத்தேன். மகள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப். கீழே, 'எங்கள் எஸ்டேட்டின் முதல் டாக்டர்.' அவருடைய ஃபிளெக்ஸ் பின்னால் மறைந்துபோனது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஹாஸ்டலிலிருந்து வாராவாரம் வந்துகொண்டிருந்த மகள் சில மாதங்களில் வருவதை நிறுத்தினாள். கேட்டால், "படிக்க நெறைய இருக்குப்பா." பொங்கலுக்கும் வரவில்லை. அவள் படிக்கும் ஊரிலேயே நர்சிங் படிக்கும் அடுத்த வீட்டுப் பெண்ணோ சனிக்கிழமை தவறாமல் வந்து இறங்குவாள். அவள் சிரிப்பு சுவர் தாண்டிக் கேட்கும்.

"அவளுக்குப் படிப்பு லேசு, அதான் இந்தச் சிரிப்பு" என்பேன் மனைவியிடம். வயிறு எரியும்.

ஒருநாள் வெட்டு முடிந்து பால் எடுக்கும்போது அடுத்த வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"அண்ணே, கோவப்படாதீங்க. ஒங்க மவ பரீட்சையில தோத்துட்டா. கிளாசுக்குப் போகல்ல, ஒழுங்கா சாப்பிடல்ல. எந்நேரமும் படுத்தே கெடக்காளாம்."

"யாரு சொன்னா?"

"எனக்க மவகிட்ட அவளேதான் சொல்லியிருக்கா."

"எனக்கிட்ட சொல்லல்லியே?"

"எப்பிடிச் சொல்லுவா? ஊருக்கு வந்தா அந்த எட்டடி டாக்டருக்குக் கீழதான எறங்கணும்?"

பிள்ளைகளே, உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்குப் பயம் வரவில்லை. என்னிடம் சொல்லாததை அந்தப் பெண்ணிடம் சொன்னாளே என்ற பொறாமைதான் வந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அன்றைக்கே ஃபிளெக்ஸைக் கிழித்துப்போட்டு ஹாஸ்டலுக்குப் போனேன்.

மகள் எண்ணெய் காணாத தலையோடு வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள்.

"திட்ட வரல்ல மக்கா."

"தெரியும்பா. எனக்கு அழக்கூட வர மாட்டேங்கு."

மனநல டாக்டரிடம் போகலாம் என்று சொன்னவளும் அடுத்த வீட்டுப் பெண்தான். காய்ச்சலுக்குப் போவதுபோல அவள் எங்களைக் கூட்டிப்போனாள். உள்ளே மகள் வெகுநேரம் பேசினாள். மூடிய கதவைப் பார்த்தபடி நான் இருந்தேன். முன்பின் தெரியாத அந்த டாக்டர்மேலும் எனக்குப் பொறாமை. இதில் பாதியாவது என்னிடம் பேசியிருக்கலாமே!

மாத்திரை எழுதினார்கள். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். வெளியே வந்த மகள் பெஞ்சில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தாள். என் தோளில் இல்லை, அந்தப் பெண்ணின் தோளில்.

நெஞ்சு எரிந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணிடம், "நீ டெய்லி இவளுக்குப் போன் போடு மக்கா. எனக்கிட்ட எதையும் சொல்லாண்டாம். இவ பேசுனா போதும்" என்றேன்.