படிக்காமல் வரைந்த படகு

பூவிழி நல்லவள்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போகச் சிலருக்குச் சந்தேகம் வரலாம்.

தட்டாஞ்சாவடியில் மருந்து டப்பாக்கள் அச்சடிக்கும் கம்பெனியில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. அவள் டப்பாவுக்கு டிசைன் போடுவாள், நான் எழுத்துப்பிழை பார்ப்பேன். அவளுடைய அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியதும் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். பாடப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகம் நுழையாத வீடு. அந்த வீட்டில் பிறந்து இவளுக்கு மட்டும் எப்படி இந்தக் கிறுக்குப் பிடித்தது என்று அவள் அம்மாவுக்கே இன்றுவரை புரியவில்லை. விடியற்காலையில் எழுந்து, சோற்றுக்கு உலை வைத்துவிட்டு நாவல் எழுதுவாள். பஸ்ஸில் படிப்பாள். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டு, வெயிலில் திரும்பி நடந்து வந்து முதலாளியிடம் திட்டு வாங்குவாள். மத்தியானச் சோற்றை அள்ளி விழுங்கிவிட்டு அட்டைப்படம் வரைவாள். எந்தப் பதிப்பகத்துக்கும் அலையாமல் மூன்று நாவல்களைத் தானே வெளியிட்டாள். தானே பார்சல் கட்டி, தபால் ஆபீஸ் வரிசையிலும் தானே நின்றாள்.

அந்த அட்டைகளைப் பார்த்து வேறு எழுத்தாளர்களும் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு அவள் வைத்திருந்தது ஒரே நிபந்தனை. முழுதாகப் படிக்காமல் அட்டை போட மாட்டாள். ஃபேஸ்புக்கில் தன் பெயருக்குக் கீழே அதைத்தான் எழுதி வைத்திருந்தாள். கதை என்னவென்றே தெரியாமல் இணையத்திலிருந்து ஒரு சூரிய அஸ்தமனத்தை எடுத்து ஒட்டுகிறவர்களை அவள் திட்டினால் காது கொடுத்துக் கேட்க முடியாது. ஒருமுறை யாரோ ஒருவர் அவளுடைய நாவலின் பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு மதிப்புரை எழுதிவிட்டார். அந்த வாரம் முழுக்க எங்கள் மேசைப் பக்கம் ஒருத்தரும் தலைவைத்துப் படுக்கவில்லை.

அப்படிப்பட்டவள்தான் ஜஹபர் நிஷாவின் புத்தகத்தைப் படிக்காமல் அட்டை போட்டாள்.

நிஷாம்மா முல்லா வீதிக்காரர். அத்தர் வியாபாரக் குடும்பம். அறுபதைத் தாண்டிய பிறகு உட்கார்ந்து தன் வாழ்க்கையை எழுதினார். மகள் நூரீன் அதைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தாள். "படிச்சுட்டுத்தான் போடுவாங்களாமே, அவங்கதான் எனக்கு வேணும்" என்று கேட்டுத்தான் பூவிழியைத் தேடி வந்தார்கள். அப்போது பூவிழியின் நாலாவது நாவல் முடியும் தறுவாயில் இருந்தது. அவளுக்கு வேறு எதிலும் மனசு ஓடவில்லை. நிஷாம்மாவின் சின்ன வயசுப் பக்கங்களை மட்டும் படித்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தா கையைப் பிடித்துக் கடற்கரைக்குப் போவதும், பட்டாணி கொறித்துக்கொண்டே படகுகளைப் பார்ப்பதும் அதில் அழகாக வந்திருந்தன. இது போதும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. நீலத் தண்ணீரில் மஞ்சள் படகு ஒன்று, ஆளில்லாமல் மிதக்கிற மாதிரி வரைந்தாள். அவள் போட்ட அட்டைகளிலேயே அதுதான் அழகு. இதை ஒப்புக்கொள்ள எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

படம் அனுப்பி இரண்டு நாள் கழித்துத்தான் நிஷாம்மா பதில் போட்டார். "முழுசாப் படிச்சுட்டுத்தானே போட்டீங்க?" என்று கேட்டிருந்தார். பூவிழி "ஆமாம்மா" என்று எழுதினாள். புத்தகம் அச்சுக்குப் போனது.

அச்சாகி வந்த பிரதியை அவள் பஸ்ஸில்தான் பிரித்தாள். கடைசி அத்தியாயம் அனஸைப் பற்றியது. அனஸ், நிஷாம்மாவின் மகன். காலாப்பட்டில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தவன். சிநேகிதர்களோடு நோணாங்குப்பத்தில் படகேறி அக்கரைக் கடற்கரைக்குப் போனான். குளிக்க இறங்கியவனை அலை இழுத்துக்கொண்டது. சேதி கேட்டு ஓடிய நிஷாம்மா, அவனை ஏற்றிப்போன படகு துறையில் வெறுமனே கட்டிக் கிடந்ததைத்தான் முதலில் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பிறகு அவர் கடற்கரைப் பக்கமே போனதில்லை.

அன்று மேசையில் வந்து உட்கார்ந்தவளின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"தனக்கொடி, நான் என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன் பாரு."

அதோடு அவள் நாவல் நின்றது. "எழுத ஒக்காந்தா கை கூசுது" என்றாள். யாராவது அட்டை கேட்டு போன் செய்தால் எடுக்கவில்லை. ஃபேஸ்புக்கில் இருந்த அந்த வரியை அழித்தாள். இப்படியே நாள் போனது. கடைசியில், நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லப்போவதாகக் கிளம்பினாள்.

"சொல்லி என்ன ஆவப்போவுது? ஓம் பாரத்த எறக்கி அந்தம்மா தலையில வெக்கப்போறியா? வாய மூடிக்கினு இரு" என்றேன். கேட்கவில்லை. தனியாக விட மனசில்லாமல் என் ஸ்கூட்டியிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போனேன்.

நிஷாம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து பூவிழியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். அலமாரியில் அந்தப் புத்தகம், படகு வெளியே தெரிகிற மாதிரி நின்றது.

"மொதல்ல பாத்தப்ப போனக் கவுத்துப் போட்டுட்டேன். ஒம்மேல கோவம் கோவமா வந்துச்சு" என்று அவரே ஆரம்பித்தார். "அப்புறந்தான் யோசிச்சேன். எல்லாத்தையும் படிச்ச பொண்ணு. படிச்சுட்டு இதத்தான் போடணும்னு நெனச்சிருக்கா. அப்படின்னா அதுல ஏதோ இருக்கு. போன வாரம் நூரீனக் கூட்டிக்கினு நோணாங்குப்பம் போயிட்டு வந்தேம்மா. படகுத்துறையில ஒக்காந்தேன். ஒக்கார முடிஞ்சுது."

பூவிழி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க வீட்ல யாரும் அந்தக் கடைசிப் பாடத்தப் படிக்க மாட்டேங்குறாங்க. நூரீன்கூட கண்ண மூடிக்கினுதான் அடிச்சேன்னு சொல்றா. நீ ஒருத்திதான் படிச்சிருக்க. சொல்லும்மா, எந்த எடத்தப் படிக்கிறப்ப ஒனக்கு இந்தப் படகு தோணுச்சு?"

நான் அவள் காலை மிதித்தேன். அவளுக்கு இப்போது அந்த அத்தியாயம் மனப்பாடம். ஏதாவது ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும், அந்த அம்மா நிம்மதியாக இருந்திருப்பார்.

"நான் படிக்கலம்மா" என்றாள் பூவிழி. "ஒங்க சின்ன வயசோட நிறுத்திட்டேன். அத்தா படகு காட்டுனாரே, அதப் பாத்து வரஞ்சது. அனஸப் பத்தி அப்ப எனக்குத் தெரியாது. படிச்சேன்னு பொய் சொன்னேன். புஸ்தகம் வந்தப்புறந்தான் படிச்சேன்."

நிஷாம்மா கோபப்படவில்லை. பிடித்திருந்த கையை விட்டுவிட்டு அலமாரியைப் பார்த்தபடி இருந்தார்.

"அப்ப இது சும்மா வந்த படகுதானா?"

"சும்மா வந்ததுதாம்மா."

"அவன் ஏன் அன்னிக்குப் போனான்னு நானும் எல்லாரையும் கேட்டுட்டேன். ஒருத்தர்கிட்டயும் காரணம் இல்ல" என்றார் அவர். "இது ஒண்ணுக்காவது இருக்கும்னு நெனச்சிட்டேன்."